நாட்டு மருந்தும் ஆங்கில மருந்தும் ஒன்று சேரும்போது...

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் 1885 முதல் டப்பா செட்டி கடை நாட்டு மருந்து விற்று வருகிறது. 1944ல் தொடங்கப்பட்ட இம்ப்காப்ஸ் கூட்டுறவு நிறுவனம் இன்று திருவான்மியூரிலிருந்து சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளைத் தயாரித்துத் தருகிறது. நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்ன கருஞ்சீரகமும் தேனும் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. அதே வீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவோர் "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று எண்ணி மருத்துவரிடம் சொல்வதில்லை. அந்த எண்ணம் சரிதானா?

மிளகு தரும் பாடம்

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை. குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. குடல் சுவரில் உள்ள சில புரதங்கள் மருந்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகின்றன. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் இந்த இரு தடைகளையும் தளர்த்துகிறது. 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, குர்குமின் உடலில் சேரும் அளவு 20 மடங்கு உயர்ந்ததைக் கண்டனர்.

இதே தன்மையைப் பயன்படுத்தித்தான் காசநோய்க்கான 'ரிசோரின்' மாத்திரை உருவானது. வழக்கமாக 450 மில்லிகிராம் தரப்படும் ரிஃபாம்பிசின், பைப்பரின் சேர்ந்த இந்த மாத்திரையில் 200 மில்லிகிராம் மட்டுமே உள்ளது.

மருத்துவர் கணக்கிட்டுச் செய்தால் இது நன்மை. நாமாகவே பைப்பரின் சேர்ந்த மஞ்சள் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டால், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் அளவுக்கு மீறலாம். சமையலில் சேர்க்கும் மிளகுக்கு அஞ்சத் தேவையில்லை. செறிவூட்டிய மாத்திரைகளில்தான் கவனம் வேண்டும்.

எதிர்த் திசையிலும் நடக்கும்

மனச்சோர்வுக்கு மேலைநாடுகளில் விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அதிகப்படுத்துகிறது. சூரிச் நகரில் இதயமாற்று சிகிச்சை பெற்ற இருவர் இதைச் சாப்பிட்டதால், அவர்களுக்குத் தரப்பட்ட சைக்ளோஸ்போரின் அளவு குறைந்து, உடல் புதிய இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. இது 2000ல் வெளியான செய்தி. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டு வரும் மாத்திரைகளையும் பெயர் பார்த்தே சாப்பிட வேண்டும்.

குடல் பாக்டீரியாவின் பங்கு

இதய நோய்க்கான டிகாக்சின் மருந்தை எக்கர்தெல்லா லென்டா என்ற குடல் பாக்டீரியா செயலிழக்கச் செய்கிறது. சுமார் பத்தில் ஒருவரிடம் இது பெரிய அளவில் நடக்கிறது. அத்தகையவர் எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுத்தால் பாக்டீரியா அழிந்து, அதே டிகாக்சின் அளவே நஞ்சாகும் அபாயம் உண்டு. மாறாக, பெருங்குடல் புண் அழற்சிக்கான சல்ஃபாசலசின், பாக்டீரியா உடைத்துத் தந்தால்தான் வேலை செய்யும். ஒரே மருந்து ஆளுக்கு ஆள் வேறுபட்ட பலன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவனிக்க வேண்டியவை

* கருஞ்சீரகம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. சர்க்கரை மாத்திரையுடன் தினமும் எடுப்போர், குறிப்பாக நோன்பு நாட்களில், மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்க்க வேண்டும்.
* இசப்கோல் போன்ற நார்ப்பொருட்கள் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்லது.
* தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றுக்குரியது. ரமளானில் அதை எப்போது எடுப்பது என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும்.
* வார்ஃபரின், டிகாக்சின், வலிப்பு மருந்து, உறுப்பு மாற்று மருந்து எடுப்போர் கேட்காமல் எந்த மூலிகையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது லேகியம், சூரணம், கேப்சூல் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் சென்று காட்டுங்கள். பக்க விளைவு தெரிந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். எதை, எதனுடன் சாப்பிடுகிறோம் என்று அறிந்து சாப்பிடுவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.