தேர்தல் நடந்தும் தலைவர் இல்லை: 4 ஊராட்சிகளை 10 ஆண்டுகள் முடக்கிய ‘ஊர்க் கட்டுப்பாடு’

‘ஊரே கூடி முடிவு பண்ணிட்டோம்’. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் கிராமங்களில் சகஜமாகக் கேட்கும் பேச்சு இது. அந்த ‘ஊரில்’ பட்டியலின மக்கள் உண்டா என்பதுதான் கேள்வி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது கொட்டக்கச்சியேந்தல். 1996-ல் இதன் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் அப்படியே. ஆதிக்க சாதியினர் இதை ஏற்கவில்லை.

எப்படி முடக்கினார்கள்?

ஒரு தடவை வேட்புமனுவே வராது. இன்னொரு தடவை, ‘ஊர்’ நிறுத்தியவர் ஜெயிப்பார். பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். திரும்பவும் தேர்தல், திரும்பவும் அதே கதை. சாதி வெறுப்பு என்று யாரும் சொல்லவில்லை, ‘கட்டுப்பாடு’ என்றார்கள்.

வானம் பார்த்த பூமியில் கூலி வேலையும் அதே ஊரில்தான். பகைத்துக்கொண்டு நிற்பது லேசு இல்லை. போதாக்குறைக்கு, 1997 ஜூன் 30-ல் மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், உடன் வந்தவர்களோடு பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் தனித் தொகுதியில் ஜெயித்தவர்.

2006 அக்டோபரில்தான் 4 ஊர்களிலும் தேர்தல் முறையாக நடந்தது. ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். அவர்களுக்கு முதல்வர் கருணாநிதி சென்னையில் ‘சமத்துவப் பெருவிழா’ நடத்தினார்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

பட்டியலினத்தவரை வேட்புமனு போடவிடாமல் தடுப்பதும், வாபஸ் வாங்க மிரட்டுவதும், ஜெயித்த தலைவரை வேலை செய்யவிடாமல் மறிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.