தட்டின் இரைச்சலும் குரலின் வரலாறும்

ஒரே பாட்டு நம் காலத்தில் நான்கைந்து உருவங்களில் விற்பனைக்கு வந்திருக்கிறது. இசைத்தட்டாக இருந்தது ஒலிநாடாவாகி, குறுந்தட்டாகி, இன்று கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் ‘ஒலி புதுப்பிக்கப்பட்டது’ என்னும் முத்திரை வேறு. எந்தப் பதிப்பு மேல் என்று இளைஞர்கள் வாதிடுகிறார்கள். செவிச்சுவை பற்றிய விவகாரம்தானே என்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. பழைய இசைத்தட்டு, கல்வெட்டைப் போல ஒரு சான்று. அதனைத் திருத்துகிறவர் யார், எதற்காகத் திருத்துகிறார் என்று கேட்பது வரலாறு கற்பிப்போரின் கடமை என்றே கருதுகிறோம்.

எஸ். ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1926 இல் கொழும்பு மேடையில் அவரும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்தனர். அந்தச் சேர்க்கை வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1933 டிசெம்பரில், 27 வயதிலேயே, கிட்டப்பா மறைந்தார். அவரை நேரில் கேட்ட தலைமுறை போய்விட்டது. எஞ்சியிருப்பவை, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும் தட்டுகளே. மேடையில் விரித்துப் பாடியதை அந்த மூன்று நிமிடத்துக்குள் நறுக்கியது முதல் திரிபு. வேகம் இரண்டாவது திரிபு. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பிற்பாடு நிலைத்த அளவு. முற்காலத் தட்டுகள் எழுபது சொச்சத்திலிருந்து எண்பதுக்கு மேல்வரை பல வேகங்களில் பதிவாயின. 74 சுற்றில் பதிந்ததை 78 இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். கிட்டப்பாவின் சுருதி உயரத்தை இன்றும் வியந்து பேசுகிறோம். அவ்வியப்பில் பாடகருக்குரியது எவ்வளவு, சுழலும் தட்டுக்குரியது எவ்வளவு என்று தட்டுத் தட்டாகச் சோதித்தாக வேண்டும். புதுப்பித்து விற்போர் எல்லோரும் இதற்கு மெனக்கெடுவதில்லை.

இனி இரைச்சல். அரக்குத் தட்டு அரக்கினால் மட்டும் ஆனதன்று. எஃகு ஊசி தேய்ந்து வரிப்பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகக் கல்மாவையும் அதில் கலந்தார்கள். (அரக்கை மரக்கிளைகளிலிருந்து சுரண்டிச் சேர்த்த ஏழைகளின் பெயர் எந்தத் தட்டின் முகப்பிலும் இல்லை என்பதையும் சொல்லிவைப்போம்.) ஆகவே நாம் கேட்கும் ‘உஸ்’ஸென்ற இரைச்சல் பெரும்பாலும் ஊசி கல்லின்மேல் நடக்கும் ஓசையே. கணினி அதனை வடிகட்டும்போது ச, ஷ, ஸ ஒலிகளும், பாடகரின் மூச்சும், தாளக்கருவியின் கிணுகிணுப்பும் அதே உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் சேர்ந்தே கழிந்துபோகின்றன.

கரவனெல்லவில் ஆசிரிய நண்பர் ஒருவர் வீட்டில், 1944 இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படத்தின் பாகவதர் பாட்டொன்றைப் பழைய தட்டிலும் புதுப்பித்த குறுந்தட்டிலும் அடுத்தடுத்துக் கேட்டோம். குறுந்தட்டில் இரைச்சலே இல்லை. ஆனால் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. தட்டிலோ, இரைச்சலின் பின்னால் அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. உடனிருந்த மாணவர் சிலர் குறுந்தட்டே மேல் என்றனர். காரணம் கேட்டால், ‘சத்தமாக இருக்கிறதே!’ என்றனர்.

அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. ஒரே ஒலியை இருமுறை கேட்பித்தால், சற்று உரத்து ஒலிப்பதையே செவி சிறந்ததென்று கொள்ளும். மேல்நாட்டுக் கம்பெனிகள் இதனை நன்கறியும். 1990களில் பழைய ரொக் இசைத்தொகுதிகள் பல இப்படித்தான் உரத்த குரலில் மறுபிறவி எடுத்தன. மெல்லிய இடத்தை உயர்த்தி, உரத்த இடத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கினர். நேர்மையான வேலையும் நடந்திருக்கிறது. 2009 இல் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் முழுவதும் புதுப்பிக்கப்பட்டபோது, 525 நிமிட இசையில் 5 நிமிடத்துக்கும் குறைவாகவே இரைச்சல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தினர். அவர்களிடம் மூல நாடாக்கள் பத்திரமாக இருந்தன. நம் தட்டுகளுக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் வாய்க்கவில்லை.

இதைக் கரவனெல்லவிலிருந்து எண்ணிப்பார்ப்பதற்கும் காரணமுண்டு. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய ரயில்பாதை 1903 இல் எட்டியாந்தோட்டையை எட்டியது. றப்பர் இவ்வழியாகக் கொழும்புக்கு இறங்கியது. 1929 முதல் கீழ்நாட்டுத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச நாட்கூலி 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். கிராமபோன் பெட்டி துரைக்கும் கங்காணிக்கும் உரியது. லயத்து மக்கள் வாசலுக்கு வெளியே நின்று கேட்க வேண்டியவர்கள். அவர்களுடைய சொந்தப் பாட்டுகளைத் தேடித் தட்டுக் கம்பெனி எதுவும் மலையேறவில்லை. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடிய பாடல்கள் 1940 இல் அச்சேறின. நமக்குக் கிடைப்பது அந்த அச்சுத்தான். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டிய தோட்டப் பாடல்களும் எழுத்தாகவே நம் கைக்கு வந்தன.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டு நூலகத்திலும், தனியார் வீட்டுப் பரண்களிலும் இருக்கும் தட்டுகளைப் படியெடுக்கும்போது, வடிகட்டாத படி ஒன்றை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். ஓட்டிய வேகத்தையும் ஊசியின் அளவையும் அதன்மேல் எழுத வேண்டும். துலக்கிய படிகளைப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கேகாலைத் தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த முதிய பெண்களிடம் மாணவர்கள் கைத்தொலைபேசியோடு போகலாம். பாடியவர் விரும்பினால் பெயரையும், இடத்தையும், நாளையும் சேர்த்துக் குறித்துவரட்டும். பாட்டின் நடுவே கோழி கூவினால் கூவட்டும்; அதை வெட்ட வேண்டாம்.