சடங்கே இல்லாமல் நடந்த கல்யாணம் செல்லுமா? சர்டிபிகேட் மட்டும் போதுமா? சட்டம் சொல்வது என்ன?

"அதெல்லாம் வெறும் சடங்குங்க!" கல்யாண வீட்டிலும் சரி, பதவியேற்பு விழாவிலும் சரி, இப்படி யாராவது ஒருவர் சொல்லிக் கேட்டிருப்போம். மேடை, மாலை, செலவு இதையெல்லாம் பார்த்தால் அப்படித் தோன்றுவது நியாயம்தான். ஆனால், சில சடங்குகள் நடக்கவில்லை என்றால் சட்டத்தின் பார்வையில் அந்த விஷயமே நடக்கவில்லை. கையில் சர்டிபிகேட் இருந்தாலும் அவர்கள் கணவன், மனைவி கிடையாது. அப்படியென்றால் எது கட்டாயம், எது வெறும் ஆடம்பரம்?

ரிஜிஸ்டர் செய்தால் போதாதா?

இந்து திருமணச் சட்டப்படி போதாது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. விமானிகளான ஓர் ஆணும் பெண்ணும், சடங்கு எதுவும் நடக்காமலேயே ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, உத்தரப் பிரதேசத்தில் திருமணத்தைப் பதிவும் செய்துவிட்டார்கள். ஊரறியக் கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அதற்குள் மனஸ்தாபம் வந்து வழக்கு வரை போனது.

நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு, அது திருமணமே அல்ல என்று அறிவித்தது. பதிவு என்பது நடந்த திருமணத்துக்கான ஆதாரம். நடக்காத திருமணத்தை அது உண்டாக்காது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதேபோல, ஆட்டம், பாட்டம், விருந்து ஆகியவையும் திருமணம் ஆகிவிடாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

அப்போ அக்னி வலம் கட்டாயமா?

இல்லை. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-வது பிரிவு, மணமகன் அல்லது மணமகள் வீட்டு வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்கிறது. அந்த வழக்கத்தில் அக்னி முன்பு ஏழு அடி வைக்கும் சப்தபதி இருந்தால் மட்டும், ஏழாவது அடியில் திருமணம் முழுமையாகும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1920-களிலிருந்தே புரோகிதர் இல்லாத திருமணங்களை நடத்திவந்தது. ஆனால் 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம், அப்படிப்பட்ட ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதனால் அந்த முறையில் மணந்த பெண்களின் சொத்துரிமையும், பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியாயின.

1967-ல் அண்ணா முதல்வரானதும் இதற்கு முடிவு கட்டினார். சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் இவற்றில் ஒன்று நடந்தால் போதும்:

- இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்வது
- மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது
- தாலி கட்டுவது

முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தப் பிரிவு அறிவித்தது. இங்கே கவனிக்க வேண்டியது, சட்டம் சடங்கை ஒழிக்கவில்லை. ஒரு மாலை, நாலு வார்த்தை என்று சுருக்கிக் கொடுத்தது.

சடங்கைக் காட்டித் தப்பித்தவர்கள்

மனைவி இருக்கும்போதே இரண்டாவது கல்யாணம் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் அந்த இரண்டாவது திருமணம் முறைப்படி நடந்ததாக நிரூபிக்க வேண்டும். 1965-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், தேவையான சடங்குகள் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்தது.

தமிழ்நாட்டிலும் ஒருவர் அதே வாதத்தை வைத்தார். "சப்தபதி நடக்கவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை" என்றார். 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 7-ஏ பிரிவுப்படி தாலி கட்டினாலே திருமணம்தான் என்று சொல்லிவிட்டது. முதல் மனைவிக்கு நியாயம் கிடைக்க அந்த ஒரு பிரிவுதான் கைகொடுத்தது.

ஊருக்கே சொல்ல வேண்டுமா?

தேவையில்லை. வக்கீல் ஆபீஸில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பு சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து மணப்பவர்கள் ஊரறிய அறிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

வேறு வேறு மதம் என்றால்?

1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மதச் சடங்கு எதுவும் தேவையில்லை. ஆனால் இங்கேயும் கையெழுத்து மட்டும் போதாது. திருமண அலுவலர், மூன்று சாட்சிகள் முன்பு, "உன்னைச் சட்டப்படி துணையாக ஏற்கிறேன்" என்ற பொருளில் இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை திருமணம் முழுமை பெறாது.

பதவியேற்பிலும் இதே கதைதான்

தேர்தலில் ஜெயித்த எம்.எல்.ஏ. உறுதிமொழி எடுக்காமல் சபையில் உட்கார்ந்தாலோ, ஓட்டுப் போட்டாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது அரசியலமைப்பின் 193-வது பிரிவு. 'கடவுளறிய' என்றோ 'உளமார' என்றோ சொல்லலாம். மூன்றாவது தேர்வு கிடையாது. கேரளாவில் ஸ்ரீ நாராயண குரு பெயரில் ஓர் எம்.எல்.ஏ. எடுத்த உறுதிமொழி செல்லாது என்று 2003-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் 2009 ஜனவரி 20 அன்று ஒபாமா பதவியேற்றபோது, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு வார்த்தையை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். எதற்கு வம்பு என்று, மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடியும் உறுதிமொழி எடுக்கப்பட்டது. இந்த முறை கூட்டமும் இல்லை, மேடையும் இல்லை.

சட்டம் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது?

மனசுக்குள் முடிவெடுத்ததை யாரும் நிரூபிக்க முடியாது. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையைப் பிறகு "நான் சொல்லவே இல்லை" என்று மறுப்பது கஷ்டம். ஓய்வூதியம், ஜீவனாம்சம், சொத்து என்று வழக்கு வரும்போது மண்டப வாடகை எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லை. சாட்சி யார் என்றுதான் கேட்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

- விசாவுக்காகவோ லோனுக்காகவோ, சடங்கு நடக்கும் முன்பே சர்டிபிகேட் வாங்காதீர்கள்
- எளிமையாக நடத்தினாலும் போட்டோ எடுத்து, சாட்சிகளின் முகவரியைக் குறித்துவையுங்கள்
- தமிழ்நாட்டில் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு தாமதமானது என்பதற்காக மட்டும் முறையாக நடந்த திருமணம் செல்லாமல் போகாது. ஆனால் அந்தக் காகிதம்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம்