சாம்பியன் ரீப்ஸுக்கு வந்த நாய்க்குட்டி

தங்கவயல் என்றால் சுரங்கத்தைப் பற்றியே எழுதுகிறோம். லைன் வீட்டுப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று யார் எழுதினார்கள்? சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்குச் செங்கொடிச் சங்கத்து அண்ணன் ஒருவர் சோவியத் படப் புத்தகங்கள் கொண்டுவருவார். வழவழ தாள், விலையோ ரொம்பச் சொற்பம்.

அதில் ஒன்று, 'மியாவ்' என்று கத்தியது யார் எனத் தேடி அலையும் நாய்க்குட்டியின் கதை. ஆங்கிலப் பிரதி, அக்காதான் தமிழில் சொல்லுவாள். தேனீயிடம் மூக்கில் கொட்டு வாங்கும் இடத்தில் தம்பி அழுதே விடுவான்!

எழுதி வரைந்தவர் விளாதிமிர் சுத்தேயெவ் (1903–1993). புத்தகத்துக்கு வருமுன் அவர் கார்ட்டூன் படக்காரர். 1925 முதலே அந்தத் தொழில். பக்கத்துக்குப் பக்கம் படம் நகர்கிற மாதிரி இருந்ததன் ரகசியம் அதுதான். பிறகு அக்கதைகளே திரைக்குப் போயின: 1956-ல் குட்டிக் கப்பல், 1962-ல் தெக்தியார்யோவ் இயக்கிய பொம்மைப் படமாக நாய்க்குட்டி, 1974-ல் ஆப்பிள் மூட்டை. எங்கள் டாக்கீஸில் எம்.ஜி.ஆர். ஓடினார், நாய்க்குட்டி வரவேயில்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது, ஆளுக்கொரு ஊராகப் போனோம். அண்மையில் பெங்களூரில் பேத்தியோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். ரஷ்ய மொழி அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அக்கா சொன்ன மாதிரியே சொல்லிக்கொண்டு போனேன்.