அண்ணலைத் தோற்கடித்த இரண்டாவது வாக்கு

தேர்தல் முடிவு வரும்போதெல்லாம் “அம்பேத்கரைத் தோற்கடித்த கட்சி காங்கிரஸ்” என்று ஒரு செய்தி சுற்றுக்கு வரும். அதைப் பகிர்கிறவர்களில் பலருக்கு அண்ணல் மீது திடீர்ப் பாசம் வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. செய்தி உண்மைதான். ஆனால் அந்த வரி, அவரைத் தோற்கடித்த ஏற்பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை.

1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது முதல் பொதுத்தேர்தல். மக்களவைக்கு 489 இடங்கள். சுமார் 45 விழுக்காடு வாக்கு வாங்கிய காங்கிரசுக்கு 364 இடங்கள் கிடைத்தன. 10 விழுக்காட்டைத் தாண்டிய சோசலிஸ்டுகளுக்கு 12. வெறும் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாங்கிய கம்யூனிஸ்டுகளுக்கோ 16, ஏனென்றால் அவர்களுடைய வாக்கு சில வட்டாரங்களில் திரண்டு கிடந்தது. அண்ணலின் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன் ஏறக்குறைய 25 லட்சம் வாக்குகள், அதாவது 2.38 விழுக்காடு பெற்றது. வென்றது இரண்டே இடங்கள்: பம்பாய் மாகாணத்தின் சோலாப்பூரில் பி.என். ராஜ்போஜ், ஹைதராபாத் மாநிலத்தின் கரீம்நகரில் எம்.ஆர். கிருஷ்ணா. பெடரேஷனின் தலைவராக நம் என். சிவராஜ் இருந்தும் சென்னை மாகாணத்திலிருந்து அதற்கு ஒரு மக்களவை உறுப்பினர்கூட இல்லை. சேரி எல்லா ஊரிலும் இருக்கிறது, எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லை. இந்தக் கணக்கு அண்ணலுக்கு 1932-லேயே தெரியும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் தீண்டப்படாதோருக்கு இரண்டு வாக்குகள் இருந்தன. ஒன்று பொதுத்தொகுதியில். இன்னொன்று, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் கூடின, ஆனால் இறுதித் தேர்வு ஊராரின் கைக்குப் போனது.

1952-லும் இரண்டு வாக்குகள் இருந்தன. ஆனால் அது தலைகீழ் ஏற்பாடு. இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒரு பொது இடம், ஒரு தனி இடம். எல்லா வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். சாதி இந்துவும் தன் இரண்டாவது வாக்கால், தலித் மக்களின் பிரதிநிதி யார் என்று முடிவுசெய்யலாம். இரண்டையும் ஒரே வேட்பாளரின் பெட்டியில் போட்டால் ஒன்றுதான் செல்லும், மற்றது கழிக்கப்படும்.

இப்போது வடக்கு பம்பாய்த் தொகுதிக்கு வருவோம். அண்ணலும் சோசலிஸ்ட் அசோக் மேத்தாவும் கூட்டணி. காங்கிரஸ் சார்பில் வி.பி. காந்தியும், தனி இடத்துக்கு நாராயண் கஜ்ரோல்கரும். கம்யூனிஸ்ட் கட்சிக்காக டாங்கேவும் களத்தில் இருந்தார். காந்தி 1,49,138, மேத்தா 1,39,741, கஜ்ரோல்கர் 1,38,137, அம்பேத்கர் 1,23,576. அரசியல் சட்ட வரைவுக்குழுத் தலைவர் 14,561 வாக்குகளில் தோற்றார்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கூட்டணி ஒன்றுதான், ஆனால் மேத்தாவைவிட அண்ணலுக்கு 16,165 வாக்குகள் குறைவு. பெடரேஷன்காரர்களின் இரண்டாவது வாக்கு மேத்தாவுக்குப் போன அளவுக்கு, சோசலிஸ்டுகளின் இரண்டாவது வாக்கு யானைச் சின்னத்துக்கு வந்ததா? வேறு காரணங்களும் கலந்திருக்கலாம், மேத்தாவும் தோற்றவர்தான். ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. டாங்கேவுக்கு ஒரு வாக்கைப் போட்டு மற்றதை வீணாக்கும்படி கம்யூனிஸ்டுகள் பிரச்சாரம் செய்தார்கள் என்று அண்ணலும் மேத்தாவும் தேர்தல் மனு போட்டார்கள். அது தள்ளுபடியானது. சாதியைப் பற்றி வர்க்கக் கட்சிகளோடு நமக்குள்ள பழைய வழக்கில் இதுவும் ஒரு பக்கம்.

பிறகு அண்ணல் மாநிலங்களவைக்குப் போனார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில் மறுபடி நின்றார். அதுவும் இரட்டைத் தொகுதி. பொது இடத்தில் அதே அசோக் மேத்தா வென்றார். தனி இடத்தில் அண்ணல் காங்கிரசின் போர்க்கரிடம் தோற்றார். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த உறுப்பினராக அவர் மக்களவைக்குள் கடைசிவரை நுழையவே இல்லை.

1957-இல், அவர் மறைந்த சில மாதங்களில், சம்யுக்த மகாராஷ்டிரா அலையோடு சேர்ந்து நின்ற பெடரேஷன் ஆறு இடங்களை வென்றது. நாசிக்கில் தாதாசாகேப் கெய்க்வாட் மக்களவைக்குப் போனார்.

அதே தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் ஒரு விசித்திரம் நடந்தது. முதல் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பிடித்தார்கள். ஒருவருக்குத் தனி இடம், மற்றவருக்குப் பொது இடம் என்று அறிவிக்கப்பட்டது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். பழங்குடியினருக்குப் பொது இடம் செல்லாது என்று அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். செல்லும் என்று 1959-இல் தீர்ப்பு வந்தது. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஊர் வாக்கில் நம் பிரதிநிதி தேர்வாகும் முறை மட்டும் அப்படியே நின்றது.