லைசென்ஸ் இல்லாத இன்ஜினியருக்கு என்ன தண்டனை?

ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முன் வக்கீலாக இருந்தார் என்பது எல்லோரும் அறிந்த விஷயம். அதற்கும் முன்னால் அவர் ஒரு சர்வேயர் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. 1833-ல் இல்லினாய் மாநிலத்தின் சங்கமன் கவுண்டியில் அவருக்கு உதவி சர்வேயர் வேலை கிடைத்தது. நில அளவை பற்றி அப்போது அவருக்கு ஒன்றுமே தெரியாது! புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே படித்தார். பிறகு காம்பஸும் அளவுச் சங்கிலியுமாகக் கிளம்பிவிட்டார். பரீட்சை கிடையாது, லைசென்ஸ் கிடையாது.

இதே காரியத்தை இன்று இல்லினாயில் ஒருவர் செய்தால் அது குற்றம். வழக்கு வரும், அபராதம் வரும்.

லிங்கன் கவனமாக அளப்பவர் என்று பெயர் வாங்கினார். ஆனால் சங்கிலி பிடித்தவர்கள் எல்லோரும் லிங்கன் ஆகிவிட முடியாதே! அந்த உண்மையை அமெரிக்கா கற்றுக்கொள்ள நூறு வருடம் ஆயிற்று. அதற்குக் கொடுத்த விலையும் அதிகம். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தண்ணீருக்காக வந்த சட்டம்

முதலில் லைசென்ஸ் வந்தது சர்வேயர்களுக்குத்தான். கலிஃபோர்னியா 1891-லேயே நில அளவையாளர்களுக்குச் சட்டம் போட்டுவிட்டது. காரணம் சுலபம். ஒரு கோடு நான்கடி தள்ளி விழுந்தால், அந்தத் தப்பு பத்திரத்தில் ஏறும். பத்திரம் கை மாறும். பேரன் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனோடு கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். அளந்தவரோ எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்.

இன்ஜினியர்களுக்கு லைசென்ஸ் கொண்டுவந்த முதல் மாநிலம் வயோமிங். வருடம் 1907. வயோமிங் மழை குறைந்த பூமி. ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், வரைபடத்தோடு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். அந்த விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாநிலப் பொறியாளர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன். அவர் கவனித்த ஒரு விஷயம் அவரைத் திடுக்கிட வைத்தது. வக்கீல்களும் நோட்டரிகளும் இன்னும் யார் யாரோவும் "இன்ஜினியர்", "சர்வேயர்" என்று தாங்களே போட்டுக்கொண்டு வரைபடத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள்!

தண்ணீர் பங்கீட்டில் வரைபடம் வெறும் காகிதம் இல்லை, அதுதான் உரிமைப் பத்திரம். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை அதுதான் முடிவு செய்யும். வரைபடம் தப்பு என்றால் ஒருவருடைய பயிர் காயும், இன்னொருவருடைய வயலில் தண்ணீர் நிற்கும். ஜான்ஸ்டனின் முயற்சியால் சட்டம் வந்தது. 1907 ஆகஸ்ட் 8-ல் சார்லஸ் பெல்லாமி என்பவர் அமெரிக்காவின் முதல் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் ஆனார்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பேலன்ஸ் ஷீட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆனால் ஆடிட்டர் என்று கையெழுத்துப் போட எல்லோராலும் முடியாது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பேங்க் கடன் கொடுக்கிறது. இன்ஜினியர் கையெழுத்தும் அப்படித்தான், அதை நம்பி மனிதர்கள் பாலத்தின் மேல் நடக்கிறார்கள்.

நள்ளிரவில் உடைந்த அணை

மற்ற மாநிலங்கள் உடனே விழித்துக்கொள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் சர்வேயருக்கு லைசென்ஸ் இருந்தது, அணை கட்டும் இன்ஜினியருக்கு இல்லை! அங்கே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தண்ணீர்த் துறைக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் முல்ஹாலண்ட். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து, வாய்க்கால் பராமரிக்கும் தொழிலாளியாகத் தொடங்கி, இரவில் புத்தகம் படித்தே இன்ஜினியர் ஆனவர். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லை. அவர் 1913-ல் முடித்த நீண்ட கால்வாய்தான் லாஸ் ஏஞ்சலஸைப் பெரிய நகரமாக்கியது. அவரைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

செயின்ட் பிரான்சிஸ் அணையையும் அவர்தான் கட்டினார். கட்டிக்கொண்டிருக்கும்போதே அணையின் உயரத்தை இரண்டு முறை, தலா 10 அடி, கூட்டினார். அதற்குத் தகுந்தபடி அடிப்பாகத்தை அகலமாக்கவில்லை. அணையின் வடிவமைப்பை வெளியாள் யாரும் சரிபார்க்கவில்லை. 1928 மார்ச் 12 காலையில் அணையில் கலங்கலாகக் கசிவு வருகிறது என்று தகவல் வந்தது. முல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்துவிட்டு, ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு அணை உடைந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

விசாரணையில் முல்ஹாலண்ட் யார் மேலும் பழி போடவில்லை. தப்பு என்றால் அது என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அவர் மேல் கிரிமினல் வழக்கு போட வேண்டியதில்லை என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இவ்வளவு பெரிய அணையை ஒரே மனிதருடைய தீர்ப்பை மட்டும் நம்பி விடக் கூடாது.

அடுத்த வருடமே, 1929-ல், கலிஃபோர்னியாவில் சிவில் இன்ஜினியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் ஆனது. அந்தச் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்தால் 1000 டாலர் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். சர்வேயர்களுக்கும் இதே அளவு தண்டனைதான்.

டெக்சாஸ் பள்ளிக்கூடம்

இதைவிடக் கொடுமையான கதை டெக்சாஸில் நடந்தது. நியூ லண்டன் என்ற ஊர் எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த இடம். அங்கிருந்த பள்ளிக்கூடம் அந்தக் காலத்தில் நாட்டிலேயே பணக்காரப் பள்ளிகளில் ஒன்று. கட்டடத்தைச் சூடாக்க ஒரே இடத்தில் பாய்லர் வைத்து நீராவி அனுப்புவதுதான் முதலில் போட்ட திட்டம். பள்ளி நிர்வாகம் அதை மாற்றி, கட்டடம் முழுக்க 72 கேஸ் ஹீட்டர்களை வைத்தது.

1937 ஜனவரியில் இன்னொரு சிக்கனம். கேஸுக்கு மாதா மாதம் கட்டும் பில்லை மிச்சம் பிடிக்க நினைத்தார்கள். எண்ணெய்க் கம்பெனியின் கழிவு கேஸ் குழாயில் துளை போட்டு பள்ளிக்கு இணைப்பு கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் பல வீடுகளும் சர்ச்சுகளும் செய்த வேலைதான் அது. வீணாக எரிக்கப்படும் கேஸ்தானே என்று கம்பெனிகளும் கண்டுகொள்ளவில்லை.

அந்த கேஸுக்கு வாசனை கிடையாது. எங்கோ கசிந்து, கட்டடத்தின் தரைக்கு அடியில் இருந்த வெற்றிடம் முழுக்க நிரம்பியது. பிள்ளைகள் தலைவலி என்று சொன்னார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1937 மார்ச் 18, வியாழக்கிழமை, மதியம் 3 மணி தாண்டியிருந்தது. பட்டறை வகுப்பில் ஆசிரியர் ஒருவர் மரம் தேய்க்கும் மின் இயந்திரத்தைப் போட்டார். ஒரு பொறி பறந்தது. கட்டடமே மேலே எழும்பிக் கீழே விழுந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

யாருக்குத் தண்டனை கிடைத்தது? ஒருவருக்கும் இல்லை! விசாரணை நடந்தது, வழக்குகள் போட்டார்கள். இவர்தான் பொறுப்பு என்று எவரையும் சட்டத்தால் பிடிக்க முடியவில்லை. இந்த மாற்றத்தை நான் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்ட ஓர் ஆள் எங்குமே இல்லையே!

சில வாரங்களுக்குள் டெக்சாஸ் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, கேஸில் கெட்ட வாடை சேர்க்க வேண்டும். இன்று உலகம் முழுக்க சமையல் கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த நாற்றத்தைக் கட்டாயமாக்கியதில் நியூ லண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது, இன்ஜினியர்களுக்குப் பதிவு கட்டாயம். 1950-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

தண்டனை என்றால் ஜெயில் மட்டும்தானா?

ஜெயில் என்பது காகிதத்தில் இருக்கும் கடைசி ஆயுதம். பெரும்பாலும் நடப்பது வேறு. மாநில போர்டு நோட்டீஸ் அனுப்பும், அபராதம் போடும், வேலையை நிறுத்தச் சொல்லும். இன்னொரு அடியும் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் செய்த வேலைக்குக் கூலி பாக்கி என்று கோர்ட்டுக்குப் போனால், சட்டத்துக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று பல மாநில நீதிமன்றங்கள் கையை விரித்துவிடும். வியாபாரம் செய்பவருக்கு 1000 டாலர் அபராதத்தைவிட இதுதான் வலிக்கும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க இன்ஜினியர்களில் பெரும்பாலோருக்கு லைசென்ஸே கிடையாது! தொழிற்சாலைக்குள் கம்பெனிக்காக வேலை செய்பவர்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு கொடுத்திருக்கின்றன. அவர்களுடைய வேலைக்குக் கம்பெனி பொறுப்பு. பொதுமக்களுக்கு நேரடியாக வேலை செய்து கொடுப்பவர்தான் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் இருப்பவருக்கும் தண்டனை உண்டு. 1981 ஜூலை 17-ல் கன்சாஸ் சிட்டி நகரத்தில் ஒரு ஹோட்டலின் உள்ளே தொங்கிய நடைபாலங்கள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல்பாலத்தையும் கீழ்பாலத்தையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த வடிவத்தை, இரண்டு தனிக் கம்பிகளாக மாற்றியிருந்தார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் அதனால் மேல்பாலத்தின் இணைப்பு இரண்டு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. யாரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கிரிமினல் தண்டனை யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை வரைபடத்தில் ஒரு முத்திரை இருந்தது. அதன் சொந்தக்காரரும் அவரோடு வேலை செய்த பொறியாளரும் மிசூரி மாநிலத்தில் லைசென்ஸை இழந்தார்கள். நியூ லண்டனில் கிடைக்காத பதில் இங்கே கிடைத்தது. லைசென்ஸ் என்பது சலுகை இல்லை, மாட்டிக்கொள்ள ஒரு பெயர்!

சரியான கணக்குக்கு அபராதம்

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வந்திருக்கும். வர வேண்டியதுதான். ஆனால் அதே சட்டம் எங்கே தடுக்கி விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓரிகன் மாநிலத்தில் பீவர்டன் என்ற ஊரில் மேட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்று ஒருவர். ஸ்வீடன்காரர், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். 2013-ல் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக அவர் மனைவிக்கு கேமரா டிக்கெட் வந்தது. மனிதர் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார்.

அதற்கான சூத்திரம் 1960-ல் வெளிவந்தது. வண்டி நேராகப் போகும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. திரும்பும் வண்டி வேகத்தைக் குறைக்குமே, அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டாமா? இதுதான் யார்ல்ஸ்ட்ரோம் கேட்ட கேள்வி. தன் கணக்கைப் பலருக்கும் அனுப்பினார். 2014-ல் மாநிலத்தின் இன்ஜினியரிங், நில அளவை போர்டுக்கும் எழுதினார். கடிதத்தில் தன்னை இன்ஜினியர் என்று குறிப்பிட்டிருந்தார்.

போர்டு கணக்கைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தது! விசாரணை ஏறக்குறைய இரண்டு வருடம் நடந்தது. 2017 ஜனவரியில் லைசென்ஸ் இல்லாமல் இன்ஜினியரிங் செய்ததாக அவருக்கு 500 டாலர் அபராதம் விதித்தது. அவர் எந்த சிக்னலையும் வடிவமைக்கவில்லை, யாரிடமும் கூலி வாங்கவில்லை. கணக்குப் போட்டார், அதைச் சொன்னார், அவ்வளவுதான்.

யார்ல்ஸ்ட்ரோம் 2017 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். போர்டு இறங்கி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவர் வழக்கை விடவில்லை. 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவருடைய பேச்சுரிமை பறிக்கப்பட்டது என்றும், தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றும் நீதிபதி சொன்னார். மூல சூத்திரத்தை உருவாக்கிய மூவரில் ஒருவரான அலெக்ஸி மரடுடினும் யார்ல்ஸ்ட்ரோம் பக்கம்தான் நின்றார். 2020-ல் போக்குவரத்துப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு, திரும்பும் வண்டிகளுக்கு யார்ல்ஸ்ட்ரோம் சொன்ன முறையைத் தன் வழிகாட்டியில் சேர்த்துக்கொண்டது. அபராதம் வாங்கிய கணக்கு பாடப்புத்தகக் கணக்கு ஆனது!

கோடு எங்கே?

வயோமிங் சட்டம் தடுக்க நினைத்தது, தெரியாத ஒருவர் தெரிந்தவர்போல் கையெழுத்துப் போடுவதை. டெக்சாஸ் சட்டம் தேடியது, பொறுப்பேற்கும் ஒரு பெயரை. இரண்டிலும் குற்றம் என்பது பொறுப்பு சம்பந்தப்பட்டது. இந்தக் கணக்கு தப்பு என்று கைநீட்டிச் சொல்வது அந்தக் குற்றத்தில் சேராது. சொல்லப்போனால் 1928-ல் செயின்ட் பிரான்சிஸ் அணைக்குத் தேவைப்பட்டதே அப்படிக் கைநீட்டும் ஓர் ஆள்தான். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் ஓர் உயிர்கூடத் தப்பியிருக்காது.

ஓரிகன் தீர்ப்பும் லைசென்ஸ் முறையை ஒழித்துவிடவில்லை. யார்ல்ஸ்ட்ரோம் மஞ்சள் விளக்கைப் பற்றி எங்கே வேண்டுமானாலும் பேசலாம், எழுதலாம். ஆனால் ஒரு சாலைச் சந்திப்புக்கு சிக்னல் வடிவமைத்து வரைபடத்தில் முத்திரை வைக்க வேண்டுமானால் அதற்கு இன்றும் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர்தான் வேண்டும். அந்தச் சந்திப்பில் விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.