படம் எடுப்பவரைப் படம் எடுத்த கதை

இந்த ரெண்டு படத்தையும் நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ரெண்டுமே வாட்டிகன், ரெண்டுமே முதுகுப்பக்கம் நின்னு எடுத்த கூட்டம். 2005 படத்தில் ஓரமா ஒரே ஒருத்தர் மடக்கு ஃபோனைத் தூக்கிப் பிடிச்சிருப்பார். 2013 படத்தில் எங்க பார்த்தாலும் ஒளிரும் திரைகள். பக்கத்துல பக்கத்துல ஒட்டி, 'எட்டே வருஷத்துல மனுஷன் எப்படி ஆயிட்டான் பாருங்க'ன்னு உலகமே ஃபார்வர்ட் பண்ணி மகிழ்ந்தது.

ஒரு சின்ன விஷயம். முதல் படம், 2005 ஏப்ரலில் இறந்த போப் இரண்டாம் ஜான் பாலின் உடலை தேவாலயத்துக்குள் கொண்டு போனபோது எடுத்தது. அடுத்தது, 2013 மார்ச் 13 அன்று புது போப் பிரான்சிஸ் பால்கனியில் வந்து நின்ற ராத்திரி. அதாவது சாவு வீட்டையும் கல்யாண வீட்டையும் பக்கத்துல வச்சு, 'இங்க பாரு, இங்க மட்டும் சிரிக்கிறாங்க'ன்னு சொல்ற கதை. நடுவுல ஃபோன் பெருகியது உண்மைதான், மறுக்கலை. ஆனா அந்த ஜோடி காட்டுறது அதை மட்டும் இல்லை.

என்னை யோசிக்க வச்சது வேற. அத்தனை பேரைப் பின்னாலிருந்து எடுத்திருக்காங்க, ஒருத்தர்கூட திரும்பிப் பார்க்கலை. முன்பின் தெரியாதவங்களை அவங்க அறியாமல் எடுக்க அந்தக் காலத்தில் எவ்வளவு பாடுபட்டிருக்காங்க தெரியுமா?

1916-ல் பால் ஸ்ட்ராண்ட் நியூயார்க் தெருவில் கேமராவின் பக்கவாட்டில் ஒரு டம்மி லென்ஸ் மாட்டிக்கிட்டார். எதிரில் இருக்கிறவர், இவர் வேற யாரையோ எடுக்கிறார்னு நினைச்சுக்குவார். வாக்கர் எவான்ஸ் அதுக்கும் மேல. 1938-லிருந்து 1941 வரைக்கும் நியூயார்க் சுரங்க ரயிலில், காண்டாக்ஸ் கேமராவின் பளபளக்கும் பாகங்களுக்குக் கறுப்பு பெயின்ட் அடிச்சு, கோட்டுக்குள் மறைச்சு, ரெண்டு பட்டனுக்கு நடுவில் லென்ஸ் மட்டும் எட்டிப்பார்க்க, ஷட்டர் கேபிளை சட்டைக்கை வழியா உள்ளங்கைக்குக் கொண்டு வந்து, எதிர் சீட்டில் இருப்பவரை எடுத்தார். வ்யூஃபைண்டரில் கண் வைக்க வழியே இல்லை, எல்லாம் குத்துமதிப்பு. சில நாள் துணைக்கு ஹெலன் லெவிட்டும் கூடப் போயிருக்கார். இவ்வளவு வேஷம் போட்டு எடுத்த படங்களைப் புத்தகமா போட்டது 1966-ல். இருபத்தஞ்சு வருஷம்! இன்னிக்கு இருபத்தஞ்சு செகண்ட்கூட நமக்கு ஜாஸ்தி :-)

படம் எடுக்கிறவரையே படம் எடுக்கிற வேலையும் ஃபோனோட வந்தது இல்லை. 1990-ல் மார்ட்டின் பார் பைசா கோபுரத்துக்கு முன்னால் எடுத்த படம் ஒண்ணு உண்டு. சாயும் கோபுரத்தைத் தாங்குற மாதிரி ஆளாளுக்குக் கையைத் தூக்கி போஸ் கொடுக்கிறாங்க. பார் நின்ன கோணத்திலிருந்து பார்த்தா அத்தனை பேரும் காத்தைத் தள்ளிக்கிட்டு இருப்பாங்க. சிரிப்பு வரும். ஆனா முகம் தெரியும், அந்த சந்தோஷமும் தெரியும்.

ஃபோன் மாத்தினது முகத்தைத்தான்னு நான் நினைக்கிறேன். 1900-ல் ஒரு டாலருக்கு வந்த கோடக் பிரவுனியை இடுப்புக்கிட்ட வச்சு, தலையைக் குனிஞ்சு எடுக்கணும். எடுக்கிறவரோட உச்சந்தலைதான் தெரியும். பிறகு வந்த எஸ்எல்ஆரில் கண்ணைப் பொத்தி வைக்கணும், பாதி முகத்தைக் கேமரா முழுங்கிடும். 2000 நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் ஜே-எஸ்ஹெச்04 வந்தது, வெறும் 1 லட்சத்து 10 ஆயிரம் பிக்சல். அது மாதிரி ஃபோனைக் கையை நீட்டிப் பிடிச்சாப் போதும். நூறு வருஷத்துக்கப்புறம் படம் எடுக்கிறவர் முகம் வெளிய வந்தது. நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஃபோகஸ் பண்ற அப்பா, 'இன்னும் கொஞ்சம் பின்னாடி'ன்னு புருவத்தாலேயே சொல்ற பாட்டி... அவங்க கண்ணு முழுக்க திரையில். எவான்ஸின் கோட்டு நமக்குத் தேவையே இல்லை.

சிக்கலும் அங்கதான். பின்னாலிருந்து எடுத்தா யார் அடையாளமும் தெரியாது, யாருக்கும் வம்பில்லை. ஆனா அத்தனை பேரும் திரை தூக்கிய மந்தை ஆயிடுவாங்க, வாட்டிகன் படம் மாதிரி. முன்னால போய் எடுத்தா மனுஷங்களா தெரிவாங்க, ஆனா கேட்காமல் அவங்க முகத்தை எடுத்துட்டோம். தென்கொரியாவில் 2004-லிருந்து ஃபோனில் படம் எடுத்தா 60-லிருந்து 68 டெசிபல் வரை சத்தம் வரணும்னு விதி வச்சாங்க. ஜப்பானில் சட்டம் எதுவும் இல்லாமலே கம்பெனிகள் அந்தச் சத்தத்தை வச்சாங்க. இது பெண்களைத் திருட்டுத்தனமா எடுக்கிறதைத் தடுக்க வந்தது, அதுக்கு நியாயம் இருக்கு.

பொட்டி தட்டுற நேரம் போக நானும் இப்படி எடுக்கிறவன்தான். முன்னால நின்னு எடுப்பேன், உடனே போய் திரையைக் காட்டுவேன். வேண்டாம்னா அவங்க எதிர்லயே அழிச்சுடுவேன். முக்கால்வாசிப் பேர் சிரிச்சுட்டு, 'எனக்கும் அனுப்புங்க'ன்னு நம்பர் கொடுப்பாங்க. குடும்பத்துல எப்பவும் படம் எடுக்கிறவரா இருக்கிறதால, அவங்க இருக்கிற படமே அவங்ககிட்ட கிடையாதாம்.